இயற்கையை நேசிப்பவனுக்கு எங்கே வேலை?

 

பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். "பட்டம் வாங்கியாகிவிட்டது, அடுத்து என்ன?" மாமா வளைகுடாவில் இருந்தால் விசா பற்றிய பேச்சு நடக்கும். சித்தப்பாவுக்குக் கடை இருந்தால் கல்லாப் பெட்டியின் அருகில் ஓர் இருக்கை தயாராகும். இரண்டும் இல்லாத வீட்டில் கணினிப் பயிற்சி, வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு என்று பட்டியல் நீளும். இவற்றுள் எதுவும் இழிவானதன்று. நேர்மையான உழைப்பில் வரும் ஒவ்வொரு காசும் மதிப்புக்குரியதே.

ஆனால், இந்தப் பட்டியலில் எதிலும் மனம் ஒட்டாத பிள்ளைகள் சிலர் இருக்கின்றனர். அவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஊருக்கு வெளியே கழிமுகத்தில் நாரைகள் இறங்கும் மாதம் எது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எந்தப் புளியமரத்தில் ஆந்தை குடியிருக்கிறது என்பதும் தெரியும். மழை பெய்த மறுநாள் வயல்வரப்பில் எந்தப் பூ மலரும் என்று சொல்வான். வீட்டுக் கொல்லையில் பட்டாம்பூச்சிக்காக எலுமிச்சைச் செடி வைத்துக் காக்கும் பெண்பிள்ளைகளும் இருக்கின்றனர். பள்ளிப் பருவத்தில் இதனைக் கண்டு நாம் மகிழ்கிறோம். பட்டம் பெற்ற பின்னரும் அவன் அப்படியே இருந்தால் நமக்குக் கவலை பிறக்கிறது. "குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடக்குமா?" என்று வாப்பா கேட்கிறார். பிள்ளையிடம் பதில் இல்லை. தலைகுனிந்து நிற்கிறான். சில வேளைகளில் உம்மாவின் கண்ணீருக்காகப் பிடிக்காத வேலையில் போய் அமர்ந்து, பத்தாண்டுகள் கழித்து முகம் வாடித் திரும்புகிறான்.

வாப்பாவின் கேள்வி நியாயமானது. அதனைப் பழைமை என்று தள்ளிவிட முடியாது. பிள்ளையின் ஆசையும் நியாயமானது. அதனைச் சோம்பல் என்றும் தள்ளிவிட முடியாது. இவ்விரண்டிற்கும் இடையே வழி உண்டா என்பதையே இம்மாதம் நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

வேலை பறிபோன ஒரு மனிதர்

டாக்டர் சலீம் அலி என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. "இந்தியாவின் பறவை மனிதர்" என்று நாடே அவரைப் போற்றியது. ஆயினும், அவர் அந்த இடத்தை அடைந்த வழியை அறிந்தவர்கள் அதிகம் இல்லை. அந்த வழிதான் இன்றைய பட்டதாரி இளைஞனுக்கு வேண்டிய பாடம்.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன பறவை என்று மாமனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் போய்க் கேட்கும்படி அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளின் தொகுப்பையும் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். ஒரு சிறுவனின் கேள்வியைப் பெரியவர்கள் இருவர் மதித்தனர். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

ஆனால், அதன் பின்னர் வாழ்க்கை நேர்க்கோட்டில் செல்லவில்லை. கல்லூரியின் முதலாண்டே அவருக்குக் கடினமாக இருந்தது. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். அங்கேயும் சுற்றிலும் இருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917-இல் திரும்பி வந்து, தாவர் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். காலையில் கணக்கியல் வகுப்பு. அது முடிந்ததும் புனித சேவியர் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு. குடும்பத்திற்காக ஒன்று, உள்ளத்திற்காக ஒன்று என்று இரண்டையும் சேர்த்துச் சுமந்தார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி ஒன்று இருந்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. முறையான பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை என்பதே காரணம். 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் பணி கிட்டியது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அன்றைய நிலையில் நல்ல ஊதியந்தான். இரண்டாண்டுகள் சென்றபின், தமக்குத் தெரிந்தது போதாது என்று உணர்ந்தார். 1928-இல் படிப்பு விடுப்பில் ஜெர்மனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மேனிடம் முறையாகப் பயிற்சி பெற்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை அறியும் முறையையும் கற்றார்.

1930-இல் தாயகம் திரும்பினார். வந்து பார்த்தால் பழைய வேலை இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். வயது முப்பத்து மூன்றைக் கடந்துவிட்டது. மனைவி இருக்கிறார். வெளிநாட்டுப் பயிற்சி இருக்கிறது. வேலை மட்டும் இல்லை. நம் ஊர்த் திண்ணையில் அவர் அன்று அமர்ந்திருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்போம்?

கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அருகே அலிபாக் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான கிஹிமுக்குச் சென்றனர். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி அவற்றைக் கூர்ந்து கவனித்தார். கண்டதைக் கண்டவாறே குறித்துவைத்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி வரைதான் கட்டுகிறது. பெண்குருவி வந்து பார்த்து, அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் வேறொரு கூட்டைக் கட்டத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. நம் ஊர்ப் பனைமரத்திலும் ஈச்சமரத்திலும் நூற்றாண்டுகளாகத் தொங்கிய கூடுகள்தாம் அவை. நின்று, நாள்கணக்கில் பார்த்து, வரிசைப்படுத்தி எழுதிவைக்க ஒரு வேலையற்ற மனிதர் வேண்டியிருந்தது. 1931-இல் அக்கட்டுரை பம்பாய்க் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பறவையியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அதன் பின்னர் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் ஆதரவோடு அப்பகுதிப் பறவைகளை முறையாக ஆராயும் வாய்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1939-இல் மனைவியை இழந்தார். அந்தத் துயரத்திற்குப் பின்னரும் பணி நிற்கவில்லை. 1941-இல் 'இந்தியப் பறவைகள்' என்ற அவருடைய ஆங்கில நூல் வெளிவந்து, சாதாரண மக்களும் பறவைகளை இனங்காணக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1974-இல் நிறைவுற்றது. பட்டம் இல்லை என்று மறுக்கப்பட்ட அம்மனிதருக்குப் பல்கலைக்கழகங்கள் பின்னாளில் கௌரவப் பட்டங்கள் அளித்தன. 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண், 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி ஆகியவையும் வந்தன. 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

நேசம் பணியாவது எப்படி?

இந்த வரலாற்றை எடுத்துக்காட்டி, "ஆகவே பிள்ளைகளே, வேலையை விட்டுவிட்டுக் குருவி பாருங்கள்" என்று நான் கூறப்போவதில்லை. அவருக்கு வசதியான பெருங்குடும்பத்தின் நிழல் இருந்தது. துணைநின்ற மனைவி இருந்தார். அந்த நிழல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தங்கையின் திருமணத்தை எண்ணிக் கலங்கும் இளைஞனிடம் கிஹிம் கிராமத்தைக் காட்டினால் மட்டும் போதாது.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பறவையை நேசித்தவர்கள் அந்நாளிலும் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவருக்கு மட்டும் அந்நேசம் வாழ்நாள் பணியாக மாறியது. அதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, அவர் பார்த்ததோடு நிற்காமல் பதிவு செய்தார். ஒரு மலரைக் கண்டு மகிழ்பவர் ஆயிரம் பேர். அது எந்த மாதம் பூத்தது, எந்த வண்டு வந்தது, எத்தனை நாள் நின்றது என்று எழுதிவைப்பவர் ஒருவர். நாளை ஓர் ஆய்வு நிறுவனமோ அரசுத் துறையோ தேடி வந்தால் அந்த ஒருவரைத்தான் தேடி வரும்.

இரண்டாவது, தமது குறையை அறிந்து பயிற்சி தேடினார். நல்ல சம்பளத்தில் இருக்கும்போதே, இன்னும் கற்கவேண்டும் என்று புறப்பட்டார். நேசம் இருப்பதால் அறிவு தானாக வந்துவிடாது. காட்டை நேசிப்பவன் தாவரங்களின் அறிவியற்பெயரையும் புள்ளியியலையும் நிலப்படம் வரைதலையும் கற்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, வேலையில்லாத காலத்தை அவர் வீண்காலமாக்கவில்லை. பட்டம் பெற்ற பின் வரும் ஓரிரு ஆண்டு வெறுமை நம் பிள்ளைகளை உடைத்துவிடுகிறது. தேநீர்க் கடையிலும் கைப்பேசித் திரையிலும் அது கரைகிறது. அதே காலத்தில் ஒரு குளத்தின் பறவைகளை ஓராண்டு முழுதும் எண்ணி எழுதியவனிடம், நேர்முகத் தேர்வில் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு முன்னோடி

பெண்பிள்ளைகளைப் பெற்றோர், "இதெல்லாம் ஆண்களுக்கு உரியது" என்று எண்ணக்கூடும். சலீம் அலி பிறந்த மறு ஆண்டில், 1897-இல், தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர் அது. சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் பயின்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்து, 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆம், தூக்கணாங்குருவிக் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டுதான்.

கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் 1930-களில் பணியாற்றினார். கரும்பையும் அதன் உறவுப் புற்களையும் இனக்கலப்புச் செய்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விவர நூலை 1945-இல் வெளியிட்டார். 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வாழ்வின் இறுதிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்தவாறே மூலிகைச் செடிகளை ஆராய்ந்து, 1984-இல் மறைந்தார்.

செடியை நேசித்த ஒரு பெண்ணுக்கு அந்நேசம் ஆசிரியப் பணியையும், ஆய்வகத்தையும், நாட்டின் நன்மதிப்பையும் கொண்டுவந்து சேர்த்தது. தாவரவியல் ஆய்வுக்குக் காட்டில் தனியே அலைய வேண்டும் என்பதில்லை. ஆய்வகம், விதை வங்கி, உலர்தாவரத் தொகுப்பகம், தோட்டம், வகுப்பறை என எத்தனையோ இடங்களில் அது நடைபெறுகிறது.

கலைப் பட்டதாரிக்கு வழி உண்டா?

"விலங்கியலும் தாவரவியலும் படித்தவர்களுக்கு இவையெல்லாம் பொருந்தும். நாங்கள் வரலாறும் தமிழும் பொருளாதாரமும் படித்தவர்கள் ஆயிற்றே!" என்று சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் கலைப்பாடம் பயின்றவன் என்பதால் இக்கேள்வியை எளிதில் கடந்துவிட மனம் வரவில்லை.

மா. கிருஷ்ணன் அவர்களை எடுத்துக்கொள்வோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் எம்.ஏ.வும் சட்டமும் படித்தார். பட்டங்கள் மூன்று இருந்தும் நிலையான வேலை உடனே அமையவில்லை. சிறு சிறு பணிகள் செய்தார். 1942-இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் அந்த வேலையும் முடிந்தது. சென்னைக்குத் திரும்பிய அவர் எழுத்தையும் புகைப்படக் கலையையும் நம்பி வாழத் துணிந்தார்.

1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996-இல் மறையும்வரை, 46 ஆண்டுகள், அதனை எழுதினார். தமிழிலும் எழுதினார். யானையையும் காட்டெருமையையும் மட்டுமல்லாமல், வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் ஓணானையும் ஊன்றிக் கவனித்து எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய கருவிகள் பேனாவும் புகைப்படக் கருவியும் பொறுமையுமே.

இனி மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே நம்முள் பெரும்பாலோர்க்கு ஏற்ற வழியாக இருக்கலாம். சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் வரலாறு படித்தவர். இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக உயர்ந்து, 1998-இல் ஓய்வு பெற்றார். குடும்பத்திற்கு ஊதியம் அளித்தது அஞ்சல் துறை. ஆனால், தமிழில் சூழலியல் எழுத்தை வளர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' என்ற அவருடைய நூலைப் படித்துக் காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய இளைஞர்கள் உண்டு. வேலை ஒன்றாகவும் நேசம் வேறொன்றாகவும் இருந்தாலும், இரண்டுக்கும் நேர்மையாக இருந்தால் இரண்டிலும் உயரலாம் என்பதற்கு அவர் சான்று.

ஆகவே வழிகள் மூன்று. நேசிப்பதையே முழுநேரப் பணியாக்கிக்கொள்வது முதல் வழி. நேசிப்பதைப் பற்றி எழுதியும் கற்பித்தும் வழக்காடியும் வாழ்வது இரண்டாம் வழி. வேறொரு வேலையால் குடும்பத்தைக் காத்துக்கொண்டு, மிச்ச நேரத்தை நேசத்திற்கு ஒழுங்காக ஒதுக்குவது மூன்றாம் வழி. மூன்றாம் வழி தோல்வியின் வழியன்று. பொறுப்புள்ளவர் பலரின் வழி அது.

இன்றைய வாய்ப்புகள்

நம் நாட்டில் இன்று இத்துறைக்கு உள்ள வாசல்களைச் சற்றுக் காண்போம்.

வனத்துறையில் உயர்பதவிக்குச் செல்ல விரும்புவோர்க்கு இந்திய வனப்பணித் தேர்வு இருக்கிறது. விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றுள் ஒன்றைப் பட்டப்படிப்பில் பாடமாகப் பயின்றவர்களும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டதாரிகளும் அதனை எழுதலாம். கலைப்பாடம் மட்டும் பயின்றவர் எழுத இயலாது. ஆகவே, பிளஸ் டூ முடிக்கும்போதே இதனை எண்ணிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

படிப்புக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி உண்டு. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி வனஉயிரியலில் முதுகலைப் படிப்பு நடத்திப் பலரை உருவாக்கியிருக்கிறது. டேராடூனில் இந்திய வனஉயிரின நிறுவனம் உள்ளது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் சலீம் அலியின் பெயராலேயே பறவையியல் ஆய்வு மையம் ஒன்று 1990-இல் நிறுவப்பட்டது. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவரின் பெயர் தாங்கிய அம்மையத்தில் இன்று பட்டதாரிகள் ஆய்வு செய்கின்றனர்.

பெருந்தொழிற்சாலையோ துறைமுகமோ சுரங்கமோ அமைக்கும் முன், அதனால் சுற்றுச்சூழலுக்கு நேரும் விளைவை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. அவ்வறிக்கைக்குத் தாவரம், பறவை, மீன், நீர், மண் ஆகியவற்றை அறிந்தவர்கள் தேவைப்படுகின்றனர். சட்டம் பயின்றவர்க்கு, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகமும் சென்னையில்தான். ஊர்தோறும் உள்ள உயிர்வளத்தை மக்களிடம் கேட்டுப் பதிவேடாக்கும் பணி 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி நடைபெறுகிறது. முதியோர் நினைவில் இருக்கும் பழைய நெல்வகையையும் மூலிகையையும் கேட்டு எழுதத் தமிழும் வரலாறும் பயின்றவர்களைவிடத் தகுதியானவர் யார்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பழவேற்காடு, நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் ஊர்களின் பட்டியலையும் தமிழகத்தின் நீர்வளங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழவேற்காட்டில் உப்பங்கழி ஏரி. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு. கீழக்கரைக்கு எதிரே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் கடற்பசுக்களுக்காக 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடியக்கரையில், சலீம் அலி வாழ்நாள் முழுதும் தொண்டாற்றிய பம்பாய்க் கழகத்தார் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆராய்ந்து வந்திருக்கின்றனர். உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் இடங்கள் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருக்கின்றன. அந்தக் கழிமுகத்தின் ஆழமும் அலையும் மீனின் பெயரும் நம் பிள்ளைக்குத் தாய்மொழியிலேயே தெரியும். இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்

தம்பி, தங்கையே! உன் நேசம் உண்மையானதா என்று நீயே சோதித்துக்கொள். ஒரு குறிப்பேடு வாங்கு. உன் ஊரில் ஒரு குளத்தையோ தோப்பையோ கடற்கரைத் துண்டையோ தேர்ந்தெடு. வாரத்தில் இரு நாள், ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் அங்கே செல். நாள், நேரம், வானிலை, கண்ட உயிர், அதன் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் இவற்றை எழுது. தமிழகத்தில் 2015-லிருந்து ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் ஏதுமின்றி எவரும் அதில் கலந்துகொள்ளலாம். அங்கே இத்துறையினரின் அறிமுகம் கிடைக்கும். ஆறு மாதத்தில் குறிப்பேடு நின்றுபோனால், இது ஓர் இனிய பொழுதுபோக்கு என்று அறிந்து, வேறு தொழிலில் மகிழ்ச்சியோடு ஈடுபடு. ஓராண்டு கடந்தும் பக்கங்கள் நிறைந்துகொண்டே போனால், உன் பாதை தெரிந்துவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளையிடம் "இதில் எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். இத்துறையில் தொடக்க ஊதியம் குறைவு என்பதும், பணிகள் பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்தத்தில் வருகின்றன என்பதும் உண்மையே. அதனை மறைத்தல் கூடாது. ஆனால், கேள்வியோடு நிறுத்திவிடாமல், ஒரு காலவரையையும் கொடுங்கள். "இரண்டாண்டு பார், இவ்வளவு செலவை நான் தாங்குவேன், அதற்குள் ஒரு மேற்படிப்போ பணியோ அமையவில்லையென்றால் வேறு வேலையில் சேர்ந்து, இதனை உடன்வைத்துக்கொள்" என்று பேசி முடிவெடுங்கள். காலவரையின்றிப் பிள்ளையைக் காத்திருக்க வைப்பதும் தவறு. முதல் மாதமே விமானத்தில் ஏற்றிவிடுவதும் தவறு.

அன்று அமீருத்தீன் தயப்ஜிக்கு அந்தச் சிட்டின் பெயர் தெரியவில்லை. தெரிந்தவர் யார் என்பது தெரிந்திருந்தது. மருமகனை அவரிடம் அனுப்பிவைத்தார். பெற்றோராகிய நமக்கு இத்துறை தெரியாமல் இருக்கலாம். பிள்ளையைத் தெரிந்தவரிடம் அனுப்பிவைக்க நம்மால் முடியும். வனக் கல்லூரிக்கு ஒருநாள் அழைத்துச் செல்லலாம். அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் பேராசிரியரிடம் அறிமுகம் செய்துவைக்கலாம். அதற்கு ஒரு பேருந்துக் கட்டணமும் அரைநாள் பொழுதும் போதும்.

இம்மாதம் உங்கள் பிள்ளைகளுள் ஒருவரையேனும் அப்படி அழைத்துச் செல்லுங்கள். சென்று வந்து நடந்ததை எழுதுங்கள். இறைவன் நாடினால் அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.